தைலம் பட்ட கைப்பிடி

தேர்வாய் கண்டிகையில் இருக்கும் எங்கள் தொழிற்சாலையில் பிளாஸ்டிக் பொருட்களை வார்க்கிறோம். எந்தப் பொருளுக்கு எந்த பிளாஸ்டிக் என்று முடிவு செய்வது என் வேலை. ஊன்றுகோலுக்குக் கைப்பிடி கேட்டு ஆர்டர் வந்தபோது என் மேசையில் இரண்டு மாதிரிகள் இருந்தன. ஒன்று பிபி, வாளி செய்கிற பிளாஸ்டிக். மெழுகு பூசியதுபோல மங்கலாக இருக்கும். இன்னொன்று ஏபிஎஸ், ஹெல்மெட் செய்கிற பிளாஸ்டிக். பளபளவென்று, கையில் எடுத்தால் கெட்டியாக இருக்கும். ஏபிஎஸ்ஸே இருக்கட்டும் என்றேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. எனக்கே அந்தப் பளபளப்பு பிடித்திருந்தது.

எடை தொங்கவிட்டோம், மாடியிலிருந்து கீழே போட்டோம், வெயிலில் நாள்கணக்கில் காயவிட்டோம். எல்லாவற்றையும் தாங்கியது. கையெழுத்துப் போட்டேன்.

சில மாதங்கள் கழித்து கூரியரில் ஓர் உறை வந்தது. உள்ளே இரண்டாக முறிந்த கைப்பிடி. கூடவே, விற்ற கடைக்காரரின் கடிதம். திருப்பாச்சூரில் நெல் பயிரிடும் ஓர் அம்மா வரப்பில் நடக்கும்போது கைப்பிடி முறிந்து விழுந்திருக்கிறார். இடுப்பெலும்பு உடைந்துவிட்டது.

முறிந்த இடத்தைப் பார்க்க முகத்தருகே கொண்டுபோனேன். வலித் தைலத்தின் வாசனை அடித்தது.

மூட்டுவலிக்காரர்கள்தான் ஊன்றுகோல் வாங்குவார்கள். முழங்காலில் தைலம் தேய்த்த கையோடுதான் அதைப் பிடிப்பார்கள். இது ஏன் எனக்குத் தோன்றாமல் போயிற்று? புதுக் கைப்பிடி ஒன்றில் தைலம் தடவி, எடை மாட்டி வைத்தேன். மதியம் சாப்பிட்டு வந்து உட்கார்ந்தபோது 'டிக்' என்றது. நகம் கடிக்கிற சத்தம் அளவுதான். கைப்பிடியின் கழுத்துப் பக்கம் மயிரிழையாக ஒரு விரிசல். இப்போதும் யாராவது பேனா மூடியைத் திறந்தால்கூட எனக்கு முதுகு சில்லிடுகிறது.

"மெட்டீரியல மாத்திடலாம் மேடம். நீங்க இன்னாத்துக்கு நேர்ல போய்க்கினு?" என்றார் மேனேஜர்.

ஞாயிற்றுக்கிழமை திருப்பாச்சூருக்குப் போனேன். அந்த அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். கட்டிலில் படுத்திருந்தார். கைப்பிடி செய்த கம்பெனியிலிருந்து வருகிறேன் என்றதும் எழுந்திருக்கப் பார்த்தார்.

"உங்க மேல ஒண்ணும் தப்பில்லம்மா. நான்தான் சரியா புடிக்கல. கையி வலுவில்லாம பூட்ச்சி."

பக்கத்தில் நின்ற அவர் கணவர், "அதுலேர்ந்து இவ கையில எதையும் குடுக்கறதில்ல. டீகூட மருமவதான் புடிச்சிக்கினு குடுக்குது" என்றார்.

பேசாமல் திரும்பியிருக்கலாம். ஆனால் அந்த அம்மா தன் வலது கையைப் போர்வைக்குள் மறைத்து வைத்திருந்தார்.

"உங்க கையில ஒரு கோளாறும் இல்லம்மா," என்றேன். "தைலம் பட்டா அந்த பிளாஸ்டிக் விரிஞ்சிடும். அதைத் தேர்ந்தெடுத்தது நான்தான்."

அவர் கணவர் என்னை முறைத்தார். அந்த அம்மாவோ மெதுவாகக் கையை வெளியே எடுத்தார். உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல்களை மடக்கி விரித்தார்.

"அப்ப நான் சரியாத்தான் புடிச்சிருந்தேனா?"

"ஆமாம்மா."

கையைப் போர்வைக்கு மேலேயே வைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்: "இதே மாதிரி இன்னும் எத்தினி பேரு கையில கீது?"

எனக்குத் தெரியவில்லை. அதைத்தான் சொன்னேன்.

அடுத்த வாரமே ஏபிஎஸ்ஸை நிறுத்தி, தைலம் பட்டாலும் விரியாத பிபிக்கு மாறினோம். கடைகளில் இருந்த பழைய கைப்பிடிகளைத் திரும்ப வாங்கினோம். ஏற்கெனவே வாங்கிப்போனவர்களை எங்கே தேடுவது? கடைகளில் அறிவிப்பு ஒட்டினோம். சிலர் வந்தார்கள். அந்த அம்மா இப்போது வாக்கர் வைத்து வீட்டுக்குள் நடக்கிறாராம். வயலுக்குப் போவதில்லை.

என் பையில் எப்போதும் இரண்டு பிபி கைப்பிடிகள் இருக்கும். ரயிலில், ஆஸ்பத்திரி வரிசையில் நான் முகங்களைப் பார்ப்பதில்லை, ஊன்றுகோல்களைப் பார்க்கிறேன். இதுவரை மூன்று பேருக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறேன்.

போன மாதம் செவ்வாப்பேட்டை ஸ்டேஷனில் எதிர் பிளாட்பாரத்தில் ஒருவர் நின்றிருந்தார். கையில் அதே பளபளப்பு. "ஐயா! அந்தக் கோல்!" என்று கத்தினேன். சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்குக் கேட்கவில்லை. படியேறி அந்தப் பக்கம் ஓடினேன். அதற்குள் ஆவடிப் பக்கம் போகும் வண்டி வந்துவிட்டது. உடம்பின் பாரம் முழுவதையும் கைப்பிடியில் கொடுத்து அவர் ஏறியதைப் படியின் மேலிருந்து பார்த்தேன்.