சத்தத்துக்குள் பேசும் பிள்ளைகள்

வாத்தியாருக்குத் தொண்டைதான் கைமுதல் என்றோ என்னவோ பெரியப்பா சொல்லுவார், முழுதாக நினைவில்லை. அவர் படிப்பித்தது அமைதியான வகுப்புகளில். நான் பல வருடம் கொழும்பில் இருந்துவிட்டு லண்டன் திரும்பி, குட்மேய்ஸில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படிப்பிக்கிறேன். வாடகை மண்டபம், நடுவில் ஒரு மடக்குத் தடுப்பு. இதே பிழைப்பில் தொண்டை கட்டிப்போன உங்களுக்கு மேலே விளக்கத் தேவையில்லை.

பக்கத்து வகுப்பு

தடுப்புக்கு அந்தப் பக்கம் மிருதங்கம். அது தொடங்கியதும் நான் கத்துவேன். கத்தக் கத்தச் சொல்லெல்லாம் ஒரே இரைச்சலாகிவிடும். பிள்ளைகளும் முதலில் அப்படித்தான் கத்தினார்கள். பிறகு மெல்ல மாறிவிட்டார்கள். முகத்தை என் பக்கம் திருப்பி, வாயை நன்றாகத் திறந்து, நெடிலை நீட்டி, மிருதங்கத்தில் கை ஓய்கிற இடம் பார்த்து முக்கியமான சொல்லைப் போடுவார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

நேரத்தை மாற்றலாமா என்று கேட்கப் போனேன். மிருதங்க மாஸ்ரர் சிரித்தார்.

"வேண்டாம் அண்ணை. நான் எங்க நிப்பாட்டிறன் எண்டு என்ர பிள்ளையளைவிட உங்கட பிள்ளையள்தான் வடிவாக் கவனிக்குதுகள்."

கவினின் அப்பா

கவினைக் கூட்டிப்போக வரும் அப்பா வாசலில் நின்று "வா, போவம்" என்றால் வகுப்பு முழுக்கத் திடுக்கிடும். ரெஸ்ரோறன்ற் சமையற்கட்டில் வேலை. கோபக்காரரோ என்று எனக்குக் கவலை. ஒருநாள் கவினிடம் மெதுவாக விசாரித்தேன். ஒன்பது வயதுப் பிள்ளை, அப்பாவை விட்டுக்கொடுக்காமல் சொன்னான்:

"ஏசேல்லை சேர். வேலையில பெரிய ஃபான் இரைஞ்சுகொண்டு ஓடும். வீட்டை வந்தாலும் கொஞ்ச நேரம் அவருக்கு அது ஓடிக்கொண்டுதான் இருக்கும்."

ஆரணி

வாய்மொழித் தேர்வை அலுவலக அறையில், கதவைச் சாத்தி வைப்போம். எட்டு வயது ஆரணி நிலத்தைப் பார்த்தபடி உதட்டை மட்டும் அசைத்தாள். மறுதேர்வுக்கு அவள் பெயரை எழுதிக்கொண்டேன். தாய் வாசலிலேயே சொல்லிவிட்டார்: "இனியும் பெயில் எண்டால் தமிழை நிப்பாட்டிப்போட்டு நீச்சலுக்கு விடுறன், சேர்."

இடைவேளைக்குச் சமையலறைப் பக்கம் போனேன். தேநீர்க் கேத்தில் கொதிக்கிறது, கோப்பைகள் கலகலக்கின்றன, அம்மாமார் எல்லாரும் ஒன்றாகப் பேசுகிறார்கள். அதற்கு நடுவில் ஆரணி, சித்தியின் கல்யாணத்தில் கேக் சரிந்த கதையைத் தோழிக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். முழுக்கத் தமிழ்; ஒவ்வொரு சொல்லும் அந்த இரைச்சலுக்கு மேலே தெளிவாக வந்தது. நின்று கேட்டேன்.

"இதை ஏனம்மா உள்ள சொல்லேல்லை?"

"உள்ள சத்தமே இல்லை சேர். பிழை விட்டா அது மட்டும்தான் கேக்கும்."

அவளுடைய மறுதேர்வை அடுத்த சனி, இடைவேளை நேரத்தில், சமையலறையில் வைத்தேன்.