பாசி பிடித்த முற்றமும் டாஃபடில் பிடிகளும்

பனி உருகி முடிந்த முற்றத்தில் காலை வைத்தால் 'சளக்' என்று ஒரு சத்தம் வரும்... சப்பாத்துக்குள் குளிர் ஏறும். நனைந்த சாக்கு மாதிரி ஒரு மணம். கனடாவில், அஜின்கோர்ட்டில் நாங்கள் வாங்கிய முதல் வீட்டு முற்றம் அது. மேப்பிள் மர நிழலில் புல்லைவிடப் பாசிதான் அதிகம்.

இன்று காலையும் அதே சத்தம். அதுதான் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் பாசிக்கு நடுவில்தான் என் டாஃபடில் பூச்செடிகள் இருந்தன. வீடு வாங்கிய இலையுதிர் காலத்தில், வேலை முடிந்து வந்து கோட்டோடு முழங்காலில் நின்று, புல்லுக்குள்ளேயே அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிழங்குகளைப் புதைத்தேன். ரியூலிப் பூக்கிழங்கை அணில் தோண்டித் தின்றுவிடும், டாஃபடிலைத் தொடாது என்று வேலையிடத்தில் சொன்னார்கள். பூ நட்டுவிட்டால் இங்கேயே இருந்துவிடுவோம் என்று எனக்கொரு நப்பாசை.

ஏனென்றால் என் கணவருக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. ஊரில் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்தே வளர்ந்த மனிதர். இங்கே வந்தும் வாடகைக்கு ஒரு பேஸ்மென்ற் நிலவறை விட்டு இன்னொரு பேஸ்மென்ற். சொந்த வீட்டில் முதல் பனி உருகுமுன்னரே தொடங்கிவிட்டார்.

"விட்பியில புது வீடுகள் கட்டுறாங்களாம். உதை வித்திட்டுப் போவமே?"

நானோ பெட்டி கட்டிக் கட்டி அலுத்துப் போயிருந்தேன்.

வீடு விற்றுக் கொடுக்கும் தம்பி ஒருவர் வந்து சுற்றிப் பார்த்தார்.

"வீடு ஓகே அண்ணை. ஆனா படத்தில முதல் தெரியிறது புல்லுத்தான். உந்தப் பாசியை எடுத்தாத்தான் விக்க லிஸ்ற் பண்ணலாம்."

அன்றிலிருந்து பாசி இவருக்கு எதிரி. எனக்கோ கூட்டாளி!

இரும்பு மருந்து தெளித்தால் பாசி கறுத்துச் செத்துவிடும். பிறகு அதை இரும்புப் பல் வைத்த றேக்கால் சுரண்டி எடுத்துவிட்டுப் புல் விதை போட வேண்டும். ஆனால் பூத்து முடிந்த டாஃபடிலின் இலை தானாகக் காயும்வரை அந்த இடத்தில் வெட்டவும் கூடாது, சுரண்டவும் கூடாது. அந்த இலைதான் அடுத்த வருடப் பூவுக்குக் கிழங்கில் சாப்பாடு சேர்க்கிறது. நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

"இலை காயட்டும் அப்பா," என்பேன் இவரிடம்.

"இன்னும் காயேல்லையோ?"

"காயேல்லை."

மனுசன் காலையில் தேத்தண்ணிக் கோப்பையோடு முற்றத்தில் மேலும் கீழும் நடப்பார். வேலையால் வந்தால் கார்க் கதவைச் சாத்த முதல் இலையைக் குனிந்து பார்ப்பார். நானும் யன்னலால் பார்ப்பேன்... பச்சையாக இருக்கிறதா என்று.

ஜூன் கடைசியில் ஒரு பின்னேரம் வேலையால் வருகிறேன், முற்றத்தில் ஒரு இலை இல்லை. பாசி கறுக்கத் தொடங்கியிருந்தது. வாசலிலேயே நின்று அழுதுவிட்டேன்.

"என்ரை கிழங்குகளை எங்கை எறிஞ்சனீங்கள்?"

"எறியிறதோ? நீர் இஞ்சை வாரும்."

கார் விடும் கராஜைத் திறந்தார். முகட்டுக்குக் குறுக்கே கயிறு கட்டி, அதில் டாஃபடில்கள் காய்ந்த இலையோடு பிடி பிடியாகத் தொங்கின. யாழ்ப்பாணத்தில் வெங்காயம் கிண்டி எடுத்தால் இப்படித்தான் பிடி கட்டித் தொங்கவிடுவார்கள். இவர்கள் குடும்பம் வெங்காயத் தோட்டக் குடும்பம்.

"வெங்காயக்காரன்ர மோன் கிழங்கை எறிவானே? இலை பழுத்திட்டுது, கிண்டிட்டன். புது வீட்டில நடலாம்."

சிரிப்பு வந்தது... வீட்டை விற்காமலிருக்க எனக்கிருந்த கடைசிச் சாட்டும் கயிற்றில் தொங்குவதைக் கண்டதும் அது நின்றுவிட்டது.

பாசி போய், செப்டம்பரில் இளம் புல் மெத்தை மாதிரி வந்தது. படம் எடுக்கத் தம்பி கமராவோடு வந்து இறங்கினார். இறங்கியவர் அப்படியே நின்றார்.

புதுப் புல்லை இவர் விடியவே கொத்திப் போட்டிருந்தார். நேர் நேராகப் பாத்தி, நடுவே வாய்க்கால் வேறு! கனடாவில் யார் டாஃபடிலுக்கு வாய்க்கால் வெட்டுகிறார்கள்?

"என்ன அண்ணை உது?"

"கிழங்கு கராஜுக்கை வேர் விடத் தொடங்கீட்டுது தம்பி. முளைக்கிற கிழங்கைத் தொங்க விட்டிட்டு எப்பிடிச் சும்மா இருக்கிறது?"

"அப்ப வீடு?"

இவர் மண்வெட்டியில் இருந்த மண்ணைத் தட்டினார்.

"பூத்த பிறகு பாப்பம்."

அடுத்த வசந்தத்தில் எங்கள் முற்றத்தில் மஞ்சள் பூ வரிசை வரிசையாகப் பூத்தது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துச் சிரித்தார்கள். இவர் வீடு விற்கும் கதையை அதற்குப் பிறகு எடுக்கவேயில்லை.

வருடங்கள் பல ஓடிவிட்டன. இப்போது மேப்பிள் இன்னும் பெருத்துவிட்டது. பாசி திரும்பி வந்துவிட்டது. வளர்ந்து விட்பியில் குடியேறிவிட்ட எங்கள் மகள் அங்கிருந்து ஒவ்வொரு நாளும் போன் கோல் எடுக்கிறாள், "வந்து எங்களோட இருங்கோவன் அம்மா, why not?" என்று. படியேற என் முழங்கால் விடுகிறதில்லை. இந்த முறை இருப்புக்கொள்ளாமல் நடப்பது நான்தான். வீட்டை விற்போம் என்று நான்தான் நச்சரித்தேன். இவர் யன்னலடியில் இருந்து முற்றத்தைப் பார்த்தார்.

இன்று காலை றேக் எடுக்கக் கராஜுக்குள் போனேன். முகட்டுக்குக் குறுக்கே புதுக் கயிறு கட்டியிருந்தது.

"என்னப்பா உது?"

"பிள்ளையின்ரை வீட்டிலையும் முத்தம் இருக்குத்தானே..." என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

வெளியே வந்து நின்றேன். பாசிக்குள்ளால் பச்சை முனைகள், நேர் நேராக. குனிந்து ஒரு முனையைத் தொட்டுப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து மகள் கோல் எடுத்தாள், என்ன முடிவு என்று.

"பூத்த பிறகு பாப்பம் பிள்ளை," என்றேன்.