ஆலையின் கிறீச்சு

யுத்தம் நடந்த வருஷங்களில், திருத்தணி மலைக்குக் கீழே மாடு கட்டிக் கரும்பாலை ஓட்டினோம். உருளைகளுக்குக் கரும்பு கொடுப்பது நான். மாடுகளைச் சுற்றி ஓட்டுவது என் மாமனார். பின்னாலிருந்து நான் கூப்பிட்டால் கிழவர் திரும்பவே மாட்டார். மருமகள்தானே என்ற திமிர் என்று பொருமிக்கொண்டிருந்தேன்.

அன்று அவர் எதிரில் போய் நின்று, "மாமா, உருளை காது கிழியக் கத்துது, எண்ணெய் விடுங்க" என்றேன்.

"எங்க கத்துது? போய் வேலையப் பாரு."

கொஞ்ச நேரத்தில் உருளை என் விரல்களைக் கவ்வியது. அலறினேன். மாடுகள் நடந்தன. எலும்பு நொறுங்கியது. எனக்கு முதுகைக் காட்டியபடி, மலைமேல் கோயிலில் அடித்த முரசுக்குத் தலையாட்டிக்கொண்டே அவர் ஓட்டினார்.

என் புருஷன் ஓடிவந்து மாடுகளை நிறுத்தி, உருளையைப் பின்னுக்குத் தள்ளி என் கையை எடுத்தான். சாட்டையைப் பிடுங்கி அப்பன் முகத்திலேயே வீசினான். "நைனா! அவ கத்திகினு இருக்கா, வேணும்னே ஓட்டறியா?"

கன்னத்தில் ரத்தம் வழிய அவர் கேட்டார்: "அவ எங்கடா கத்தினா?"

அந்தக் கண்ணில் பொய் இல்லை. முரசு கேட்ட காதில் உருளையின் கிறீச்சு விழவில்லை, என் அலறலும் விழவில்லை. கீச்சென்ற சத்தங்களையெல்லாம் வயசு முதலில் தின்றுவிட்டிருந்தது. எதிரில் நின்று பேசினால் என் வாயசைவைப் பார்த்துத்தான் பதில் சொல்லியிருக்கிறார். மறுபடி ஓங்கிய சாட்டையை ரத்தக் கையால் பிடித்தேன். "அடிக்காதீங்க! அவருக்கு என் குரலே கேக்கல!"

இரண்டு விரல் போயிற்று. அடுத்த பருவத்தில் என் காலடியில் காலி மரப்பீப்பாய் ஒன்றை வைத்துக்கொண்டேன். உதைத்தால் 'தும்'மென்று அதிரும்.

முதல் உதைக்கே மாடுகளை இழுத்து நிறுத்தி, கன்னத்தில் தழும்போடு திரும்பினார். "இன்னாம்மா?"

வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து, நான் கூப்பிட்டு அவர் திரும்பியது அன்றுதான்.