பேசும்படத்தில் செத்த மாது

பொம்மிடியில் மாது என்கிற கூத்தாடி தினமும் சாயங்காலம் ஏழேகாலுக்குச் சாகிறார், எட்டு மணிக்குக் களி தின்கிறார் என்று ஒரு பேச்சு அடிபட்டது. வதந்தியை நம்புகிற ஆள் நானில்லை. பரப்புவதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துவிடுகிற ஆள். ரயிலேறிப் போனேன். 1941, பங்குனி.

மாதுவுக்கு நாற்பது வயது. இருபது வருஷமாக அசுரராஜா வேஷம். அந்த ஊர்க் கூத்தில் செத்து விழுகிறவன் தானாக எழுந்திருக்கக் கூடாது. வாத்தியார் வெங்கடாசலம் முகத்தில் மஞ்சள்தண்ணி தெளித்து, பெயர் சொல்லி மூன்று தடவை கூப்பிடுவார். ஒவ்வொன்றுக்கும் "வந்தேன்" என்று சொல்லி, மூன்றாவதற்கு எழ வேண்டும்.

அதே கூத்தைச் சேலத்தில் பேசும்படமாக எடுத்தார்கள். கதையை எடுத்துக்கொண்டார்கள், பாட்டை எடுத்துக்கொண்டார்கள், மாதுவையும் எடுத்துக்கொண்டார்கள். மஞ்சள்தண்ணியை மட்டும் வேண்டாமென்று விட்டார்கள். அவர் செத்து விழுந்ததும் விளக்கை அணைத்துவிட்டு எல்லாரும் டிபனுக்குப் போய்விட்டார்கள். பசி தாங்காமல் தானே எழுந்தார்.

"வூட்டுக்கு வந்தது பாதி ஆளுதாங்க," என்றாள் மனைவி சென்னம்மாள். "சினிமாக் கொட்டாயில இவரு விழறப்ப இங்க ஒடம்பு சில்லிட்டுப் போவுது. நாளையோட படம் ஊர விட்டுப் போவுதுங்க. அதுக்குள்ள எழுப்பலன்னா, வேத்தூர்ல ஓட்டறப்ப எந்த நேரத்துல சாவாரோ?"

ஏழேகால் ஆனது. தொட்டுப் பார்த்தேன். வெயிலில் வெந்த சுவர் இன்னும் சுட்டது. அவர் கை கிணற்றடிக் கல்லாக இருந்தது.

மறுநாள் வாத்தியார் மஞ்சள்தண்ணிச் செம்போடு கிளம்பினார். "மீதி ஆளு படத்துலதான கெடக்குது? அங்கியே எழுப்பிப்புடறேன்." பக்கத்து வீட்டு முனிராஜை மாதுவுக்குக் காவல் வைத்துவிட்டு, அரை மைல் நடந்து கொட்டகைக்குப் போனோம்.

அசுரராஜா விழுந்தார். வாத்தியார் ஓடிப்போய்த் திரைமேல் தண்ணி தெளித்தார்.

"மாது!"

"யோவ் பெருசு, மறைக்காத!" என்று மணல்தரைக் கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

"மாது!"

நனைந்த திரை நெளிந்ததா, கிடந்தவர் கை நெளிந்ததா, சொல்ல முடியாது. காற்று இல்லை. வாத்தியார் மறுபடி வாயைத் திறப்பதற்குள் அரண்மனையில் நடனம் ஆரம்பித்துவிட்டது, பிணத்தைக் காணோம். கொட்டகை ஆட்கள் எங்களை வெளியே தள்ளினார்கள்.

முனிராஜ் தெருவிலேயே நின்றிருந்தார்.

"ரெண்டு தடவ 'வந்தேன்'னாருங்க. இங்க யாருமே கூப்புடலிங்க!"

உள்ளே மாது எழுந்து உட்கார்ந்திருந்தார். உடம்பு சுட்டது. பதில் சொல்லத் தயாராக வாய் திறந்திருந்தது. வாத்தியார் காதோடு மூன்றாம் தடவை கூப்பிட்டுப் பார்த்தார். மாது திரும்பவில்லை, கொட்டகை இருக்கிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

படம் அடுத்துப் போன அரூரில் விசாரித்தேன். படப்பெட்டி மைசூர்ப் பக்கம் போயாயிற்றாம். அவருக்குச் சேர வேண்டிய ஒரு கூப்பாடு இன்னும் பாக்கி.