போகிக்குள் தரவேண்டிய வரைபடம்

திருமழிசைத் தொழிற்பேட்டையில் கார் உதிரிபாகம் செய்யும் அந்தச் சின்னத் தொழிற்சாலையில், இயந்திரங்கள் ஓய்வது பொங்கல் விடுமுறையில்தான். அப்போது அவற்றை இடம் மாற்ற முதலாளி முடிவு செய்திருந்தார். போகியன்று காலையில் கிரேன் வரும். அதற்குள் எந்த இயந்திரம் எங்கே என்ற வரைபடத்தை நான் தரவேண்டும். மகள் பிறந்த பிறகு எனக்குக் கிடைத்த முதல் வேலை அது.

எறும்புகளைப் பார்த்து உருவான கணக்குமுறை ஒன்றைக் கல்லூரியில் படித்திருந்தேன். இரை தேடும் எறும்பு வழியெல்லாம் வாசனை விட்டுச் செல்லும். குறுகிய பாதையில் வாசனை கூடக்கூட மற்றவையும் அங்கே திரும்பும். கணினியில் ஓடும் எறும்புகள் இயந்திரங்களைப் பலவிதமாக அடுக்கிப் பார்க்கும். பாகங்களை ஏற்றிச் செல்லும் தள்ளுவண்டிக்கு நடை குறையும் அடுக்குக்கே வாசனை கூடும். ஆனால் இதுதான் ஆகச் சிறந்தது என்று அந்தக் கணக்கு ஒருபோதும் சொல்லாது. போதும் என்று நாம்தான் நிறுத்த வேண்டும்.

காய்ச்சல் விட்ட பிறகும் மகளுக்கு மறுபடி தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பவள் நான். மார்கழி பாதியிலேயே நல்ல வரைபடம் ஒன்று கிடைத்துவிட்டது. பிரஸ்ஸுக்கும் வெல்டிங்குக்கும் நடுவே இப்போது வண்டிகள் முட்டிக்கொள்ளும் இடமே அதில் இல்லை. இருந்தும் கணக்கை மறுபடி ஓட்டினேன். தூரம் கொஞ்சம் குறைந்தது. மறுபடியும் ஓட்டினேன்.

சூப்பர்வைசர் போன் செய்தார். "இன்னா மேடம், எறும்பு இன்னும் நடந்துகினே கீதா? சக்கரய காட்டி இஸ்துகினு வாம்மா!"

"இன்னும் ஒரே ஒரு தடவைண்ணா."

ஆவடி குவார்ட்டர்ஸ் வீட்டில் என் கணவரும் பொறுமை இழந்தார். "இருக்கறத குடுத்துடேன்."

"அவ்ளோ பெரிய மிஷின். ஒரு தடவ வெச்சா வெச்சதுதாங்க. தப்பாயிட்டா?"

போகியன்று காலையிலும் "ஒரு மணி நேரம் பொறுங்கண்ணா" என்றேன். மதியம் வரைபடத்தோடு அழைத்தபோது சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. "கிரேன்காரன் அம்பத்தூர்ல வேற வேல கீதுன்னு பூட்டான்மா."

விடுமுறை முடிவதற்குள் வேறு கிரேன் கிடைக்கவில்லை. பிறகுதான் முதல் வரைபடத்தையும் கடைசி வரைபடத்தையும் ஒப்பிட்டேன். ஒரு நடைக்கு மிச்சமாகும் தூரம், தள்ளுவண்டியின் நீளம்கூட இல்லை.

பொங்கல் கழிந்து தொழிற்சாலைக்குப் போனபோது, பிரஸ்ஸுக்கும் வெல்டிங்குக்கும் நடுவே அதே இடத்தில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே நின்றன. "நீ பின்னால எடு மாமே!" என்று ஒருவர் கத்திக்கொண்டிருந்தார்.

முதலாளி கோபிக்கவில்லை. "பரவால்லம்மா. கைக்கொழந்தைய வெச்சிகினு நீயும் இன்னா பண்ணுவ? வேற யார்கிட்டயாவது குடுத்துக்கறேன்."

ஆனால் போகியன்று மகள் அழவே இல்லை. போகிக்கு வாங்கிக் கொடுத்த சின்ன மேளத்தைத் தட்டியபடி, நான் திரையிலிருந்து நிமிர்வேனா என்று பார்த்துக்கொண்டே என் காலடியில் உட்கார்ந்திருந்தாள்.

இருந்தும் முதலாளியிடம் "ஆமாங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.