கழக்கூட்டம் வரை ஒரு காசி யாத்திரை

என் கணவர் ரிட்டயரான அன்று பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு வருஷம் கழித்து நான் வங்கியிலிருந்து ரிட்டயராகி வீட்டுக்கு வந்தபோதும் அங்கேயேதான் இருந்தார். எதிரே செய்திச் சேனல், மடியில் பஞ்சாங்கம், கைக்கெட்டும் தூரத்தில் முறுக்கு டப்பா. சர்க்கரை அளவைப் பார்த்த மலையாள டாக்டர், "சாரே, கொஞ்சம் வெளியே இறங்கி நடக்கணும், கேட்டோ" என்றார். இவர் வெளியே இறங்கி, ஆட்டோ பிடித்து வீடு வந்து சேர்ந்தார்.

மூன்று மாதம் வடக்கே போகலாம் என்று முடிவு செய்தது நான். அரக்கப்பரக்க இல்லை. ஹம்பியில் கொஞ்ச நாள், காசியில் கொஞ்ச நாள், ஹரித்வாரில் அறை எடுத்துச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, கங்கைக் கரையில் நடந்துகொண்டு. அவர் உடம்புக்காக என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். உண்மையில் எனக்குப் பயம். மிச்ச ஆயுசு முழுக்க அந்த நாற்காலிக்குக் காபி கொண்டுபோயே தீர்ந்துவிடுமோ என்ற பயம். கல்யாணமான புதிதில் கன்னியாகுமரி போனபோதும் பஸ்ஸில் ஜன்னலோரம் அவர்தான். நான் அவர் காதைப் பார்த்துக்கொண்டு போனேன்.

டிக்கெட்டைக் காட்டியதும் பஞ்சாங்கத்தை விரித்தார்.

"செவ்வாக்கிழமையா? வடக்கே சூலமாச்சே! முந்தின வியாழக்கிழமைதான் நன்னாயிருக்கு. பின்னே என்ன பண்றது, கேன்சல் பண்ணிடு."

முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"எதுக்கு? வியாழக்கிழமையே பரஸ்தானம் இருந்துடலாமே" என்றேன்.

எங்கள் வீடுகளில் உள்ள வழக்கம் இது. நல்ல நாள் ஒன்றும் பயண நாள் வேறொன்றுமாக அமைந்தால், நல்ல நாளிலேயே ஒரு பையை இன்னொருவர் வீட்டில் கொண்டு வைத்துவிடுவார்கள். பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. ஆரியசாலையில் சிநேகிதர் கடையில் பையை வைத்துவிட்டு நாற்காலிக்குத் திரும்புவது அவர் திட்டம்.

"பையா காசிக்குப் போறது? நாமன்னா போறோம்!" என்று ஒரே பிடியாக நின்றேன். ஆளே பரஸ்தானம் இருந்துவிட்டால் பயணம் முடியாமல் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. இதைத் தெருவுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவரே அவர்தான், அதனால் மறுத்துப் பேச முடியவில்லை.

வியாழக்கிழமை பழவங்காடிப் பிள்ளையாருக்கு விடலைத் தேங்காய் போட்டுவிட்டு, ஊர்க்கோடியில் ஐடி கம்பெனிகள் இருக்கும் கழக்கூட்டத்துக்குப் போனோம். அங்கே என் அண்ணா பிள்ளையின் ஃபிளாட் பூட்டிக் கிடந்தது. சாஃப்ட்வேர்காரன், ஆபீஸ் வேலையாகப் பெங்களூர் போனவன் செவ்வாயன்றுதான் திரும்புகிறான்; சாவியைச் செக்யூரிட்டியிடம் கொடுத்திருந்தான்.

அங்கே டிவி இல்லை. சர்க்கரை இல்லை. நாற்காலிக்குப் பதில் உருண்டையாக ஒரு மெத்தைப் பை. அதில் உட்கார்ந்தவரை எழுப்ப நானும் செக்யூரிட்டியும் சேர்ந்து இழுக்க வேண்டியிருந்தது.

"தலகாணியை மாத்திரம் ஆத்துலேர்ந்து எடுத்துண்டு வந்துடறேனே."

"வாசலை மிதிக்கப்படாதே!"

போக்கிடம் இல்லாமல் கீழே இறங்கி நடந்தார். டீக்கடையில் ஐடி பிள்ளைகள் சிநேகமானார்கள். இண்டர்வியூவுக்கு நல்ல நேரம் கேட்டார்கள். பேச்சு சுவாரஸ்யத்தில் அவர்களோடு ஹைவே ஓரமாக ஆபீஸ் வாசல் வரை போய்த் திரும்பினார். நாலு நாளில் முகம் தெளிந்துவிட்டது. பார்க்கப் பார்க்க எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் நான் பெட்டி அடுக்கும்போது மெல்ல ஆரம்பித்தார்.

"கேட்டியோ, உடம்பு எத்தனை தேவலையாயிடுத்து! இதுவே யாத்திரைதானே. காசி எதுக்கு? இங்கேயே இருந்துடலாம், அல்லே?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூடவே கண்ணில் தண்ணீரும் வந்து தொலைத்தது.

"உங்க உடம்பு தேவலையாயிடுத்து, சந்தோஷம். எனக்குக் கங்கையைப் பாக்கணும். நான் நாளைக்கு ரயிலேறறேன். இங்கே அண்ணா பிள்ளை வந்துடுவான், நீங்க ஆத்துக்குப் போங்கோ."

"அது போகப்படாதே" என்றார், வாய்ப்பழக்கத்தில். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது.

பெட்டியை மூட முடியாமல் நான் திணறுவதைப் பார்த்து, வந்து அதன் மேல் உட்கார்ந்தார். நான் ஜிப்பை இழுத்தேன்.

"ஜன்னல் சீட்டு யாருக்கு?"

"எனக்கு" என்றேன்.

மறுநாள் சூலம் இருந்த திசையில் ரயில் கிளம்பியது. கொல்லம் வரைக்கும் அவர் என் காதைப் பார்த்துக்கொண்டு வந்தார்.