வடக்கே போன லொறியின் எர்த் பட்டி

தம்புள்ளையில் நான் ஓட்டோ எலக்ட்ரிக் வேலை செய்த கடை வாசலில், பாரூக் நானாவின் மரக்கறி லொறி ஸ்டார்ட் ஆகாமல் நின்றது. வழக்கமாக மேட்டில் நிறுத்தி உருட்டி எடுப்பார். வவுனியாப் பாதையில் அது நடக்காது. யுத்த காலம்; ஒவ்வொரு ஆமி செக்பொயின்ட்டிலும் என்ஜினை நிறுத்தச் சொல்வார்கள். மறுபடி எடுக்காவிட்டால் சந்தேகம் வரும்.

அவரைவிட எனக்குத்தான் அவசரம். இரத்தோட்டைப் பக்கம் எங்கள் தோட்ட லயத்து வீடுகளைக் கலவரத்தில் எரித்த வருஷம், அக்கா பிள்ளைகளோடு வவுனியாவுக்குப் போய்விட்டாள். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு ஊர் ஊராகத் திரிந்த நான் வழியனுப்பக்கூட அங்கே இல்லை. இப்போதும் நான் கூடப் போக முடியாது; வடக்கே போக ஆமி கொடுக்கும் லொறிப் பாஸில் ட்ரைவர், கிளீனர் பெயர் மட்டும்தான். எனக்காக அக்காவைத் தேடிப் பார்க்க நானா ஒப்புக்கொண்டிருந்தார்.

"பெட்டரி புதுசு. ஸ்டார்ட்டரும் செஞ்சாச்சு. இனி என்னையத்தான் கழட்டணும்," என்றார்.

இரண்டு மூன்று தடவை சாவி போடச் சொல்லி எக்ஸிலேட்டர் கேபிளைத் தொட்டேன். சுட்டது.

என்ஜின் ரப்பர் மவுன்டிங்கில் உட்கார்ந்திருக்கிறது. ஸ்டார்ட்டர் இழுக்கும் கரண்ட் சேஸிக்குத் திரும்ப, இரண்டையும் இணைக்கும் நல்ல எர்த் பட்டி வேண்டும். இல்லாவிட்டால் அகப்பட்ட கேபிளில் ஓடும். கீழே படுத்துப் பார்த்தேன். யாரோ ஹோர்ன் வயரை எர்த்தாக முறுக்கி, பெயின்ட் மேலேயே போல்ட் இறுக்கியிருந்தார்கள்.

பெட்டரி நெகட்டிவ் கேபிளின் தடிப்புக்குக் குறையாத பின்னல் செப்புப் பட்டியாக எடுத்தேன். பெயின்ட்டைச் சுரண்டி, இரும்பு பளிச்சென்று தெரிந்த பிறகு இறுக்கி, மேலே கிறீஸ் பூசினேன்.

நானா குனிந்து பார்த்தார். "இதென்ன தம்பி, ஊஞ்சல் மாதிரித் தொங்குது? இழுத்துக் கட்டேன்."

"என்ஜின் ஆடும் நானா. இழுத்துக் கட்டினா வவுனியா போறதுக்குள்ள அத்துப்போயிரும்."

அடுத்த சாவியில் என்ஜின் எடுத்தது.

திரும்பி வந்தபோது, எல்லா செக்பொயின்ட்டிலும் ஒரே சாவிதான் என்று நானா சிரித்தார். பிறகு லொறிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா வீடு பூட்டிக் கிடந்ததாம். லொறி போக முடியாத இடத்துக்கு, இன்னும் வடக்கே போய்விட்டார்களாம்.

"பக்கத்து வீட்டுல சொன்னாங்க தம்பி. யாரு வந்தாலும் ஒங்கக்கா கேப்பாவாம், எந்தம்பி ஒரு இடத்துல நிக்கிறானான்னு."

பட்டி தடிப்பாக இருக்கட்டும். இரும்பைத் தொடட்டும். ஆடுவதற்கு இடம் விடுங்கள். தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நான் கடை மாறவில்லை. வடக்கே போகிற லொறி எது வந்தாலும், எர்த் பட்டியை இறுக்கி முடித்துவிட்டு, அக்கா பெயரை ட்ரைவரிடம் கொடுப்பேன். எங்கேயாவது கண்டால் சொல்லச் சொல்வேன், தம்பி தம்புள்ளையிலேயே நிற்கிறான் என்று.